சுவரை உடைக்கும் முன் தகரத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி–பதில்: வீட்டு வேலை

முப்பது வருடம் ரொறன்ரோ வீடுகளின் பேஸ்மென்ட்டில் தகரம் வெட்டி, மடித்து, தலைக்கு மேலே ஏற்றியவன் நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வீட்டை உடைத்துத் திருத்தும்போது ரிட்டர்ன் டக்டை, அதாவது அறைக் காற்றை ஃபர்னஸ் என்ற சூடாக்கும் இயந்திரத்துக்குத் திருப்பி எடுத்துப்போகும் தகரப் பாதையை, என்ன செய்வது? ஆகவே தண்ணீர்க் குழாயும் கூரையும் இந்த முறை ஓரமாக இருக்கட்டும்.

கேள்வி: ஐயா, ஸ்காபரோவில் அறுபதுகளில் கட்டிய பங்களோ எங்களுடையது. குசினிக்கும் ஹோலுக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்து ஒரே அறையாக்கப் போகிறோம். அந்தச் சுவரின் அடியில் 30 அங்குல நீளத்தில் ஒரு கிறில் (காற்றுப் போகும் கம்பி மூடி) இருக்கிறது. கொன்ட்ராக்டர் தம்பி, “அது சும்மா காற்று இழுக்கிற ஓட்டை அக்கா, மூடிவிடலாம், வீட்டில் இன்னும் இரண்டு இருக்கே” என்கிறார். என் கணவரும் தலையாட்டுகிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மூடலாமா?
— ஸ்காபரோ வாசகி

பதில்: மூடக்கூடாது, தங்கச்சி.

ஃபர்னஸ் காற்றை உண்டாக்குவதில்லை. அதன் விசிறி வீட்டுக்குள் இருக்கிற காற்றையே இழுத்து, சூடாக்கி, ஜன்னலோரத் துளைகளால் திருப்பி விடுகிறது. இழுப்பது குறைந்தால் விடுவதும் குறையும். ஊரில் தோட்டத்துக்கு இறைக்கும் பம்பின் உறிஞ்சு குழாயை மிதித்துக்கொண்டு நின்றால் வாய்க்காலில் தண்ணீர் எப்படி வரும்? உங்கள் தம்பி அந்தக் குழாயைத்தான் மிதிக்கப் போகிறார்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். உங்கள் அளவு வீட்டுக்கு இரண்டரை டன் ஏ.சி. இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி காற்று என்பது எங்கள் தொழிலின் வாய்ப்பாடு. அப்படியென்றால் நிமிடத்துக்கு 1,000 கன அடி காற்று ஃபர்னஸுக்குத் திரும்பி வர வேண்டும். இனி அந்தச் சுவரைப் பாருங்கள். 30 அங்குலக் கிறில் என்றால் அதன் பின்னால் சுவருக்குள் நட்டு நிற்கும் ஸ்டட் கட்டைகளுக்கு இடையே இரண்டு இடைவெளிகள் இருக்கும். ஒவ்வொன்றும் 14½ அங்குல அகலம், 3½ அங்குல ஆழம். பரப்பளவில் இது 8 அங்குல உருளைக் குழாய்க்குச் சமம். ஆனால் தட்டையாக இருப்பதால் உராய்வு கூடி, வேலையில் 7 அங்குலக் குழாய் மாதிரித்தான் நடக்கும். சத்தமில்லாமல் ஒரு இடைவெளியால் 100 முதல் 150 கன அடி போகும். இரண்டும் சேர்ந்தால் 200, 300. ஃபர்னஸுக்குத் திரும்ப வேண்டிய காற்றில் கிட்டத்தட்ட கால் பங்கு அந்தச் சுவருக்குள் போகிறது!

“இன்னும் இரண்டு இருக்கே” என்பது சரிதான். அந்த இரண்டும் ஏற்கெனவே முழு வேலை செய்துகொண்டிருக்கின்றன. அறுபதுகளில் இந்த வீடுகளைக் கட்டியவர்கள் ஏ.சி.யை மனதில் வைத்துக் கட்டவில்லை. ரிட்டர்ன் அப்போதே கஞ்சத்தனம்தான்.

மூடினால் என்ன நடக்கும்? முதல் நாள் ஒன்றும் நடக்காது. அதனால்தான் கொன்ட்ராக்டர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். ஜூலையில் ஏ.சி. கொயிலின் மேல் போதிய காற்று ஓடாமல் அது குளிர்ந்து ஐஸ் பிடிக்கும். ஜனவரியில் ஃபர்னஸ் உள்ளே அளவுக்கு மீறிச் சூடாகி, பாதுகாப்பு சுவிட்ச் நெருப்பை அணைக்கும், ஆறியதும் திரும்பப் பற்றும், திரும்ப அணையும். இப்படியே வருடக்கணக்கில் சூடாகி ஆறினால் உள்ளே நெருப்பின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் வெடிப்பு விழலாம். மற்ற இரண்டு கிறில்களும் விசில் அடிக்கத் தொடங்கும். அப்போது புது ஃபர்னஸ் போடச் சொல்லி ஒருவர் வருவார். அவர் கொண்டுவரும் ஃபர்னஸுக்கு விசிறி இன்னும் பெரிதாக இருக்கும்.

சரி, எங்கே மாற்றுவது? நீங்கள் முதலில் செய்ய வேண்டியது பேஸ்மென்ட்டுக்கு இறங்கி மேலே பார்ப்பது. சீலிங் மூடாத இடம் இருந்தால் விளங்கும்: தரையைத் தாங்கும் ஜொயிஸ்ட் மரங்களுக்கு அடியில் தட்டையாகத் தகரம் அடித்து, மரங்களுக்கு இடைப்பட்ட இடத்தையே டக்ட் ஆக்கியிருப்பார்கள். அந்தத் தகரம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். உங்கள் விதி அந்தத் திசையில்தான் இருக்கிறது. அதே ஜொயிஸ்ட் இடைவெளியின் மேல் வேறொரு உட்சுவர், உதாரணமாக அறைகளுக்கு நடுவே நடந்து போகும் ஓடையின் சுவரோ படுக்கையறை அலுமாரிச் சுவரோ, நின்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 2×8 மரங்களுக்கு (பெயருக்குத்தான் 8, உண்மையில் உயரம் 7¼ அங்குலம்) நடுவே உள்ள ஓர் இடைவெளி 14½ க்கு 7¼ அங்குலம், அதாவது 105 சதுர அங்குலம். சுவரின் இரண்டு இடைவெளிகளும் சேர்ந்தால் 101½. கச்சிதமாகப் பொருந்தும். தகரத்தை நீட்டிவிட்டுப் புதுச் சுவரில் ஏற்றினால் முடிந்தது.

குறுக்கே போக வேண்டி வந்தால்தான் தலையிடி. ஜொயிஸ்டைத் துளைத்து டக்ட் கொண்டுபோகலாமே என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்புங்கள். இங்குள்ள கட்டட விதிப்படி ஜொயிஸ்டில் போடும் துளை அதன் உயரத்தில் கால் பங்கைத் தாண்டக்கூடாது, விளிம்பிலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். 7¼ அங்குல மரத்தில் கால் பங்கு 2 அங்குலம்கூட இல்லை. வயர் போகும், டக்ட் போகாது. ஆகவே மரங்களுக்குக் கீழே 14×8 அங்குலப் பெட்டி டக்ட் ஒன்றை ஓடவிட வேண்டும். அந்த இடத்தில் பேஸ்மென்ட் சீலிங் 8 அங்குலத்துக்கு மேல் இறங்கும். உயரமான மகன் இருந்தால் முதலில் அவனை அங்கே நிறுத்திப் பாருங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. சுவரை முழுவதும் எடுக்காமல் ஒரு ஓரத்தில் ஒன்றரை அடித் துண்டை விட்டுவிடுங்கள். மேலே புதிதாக ஏற்றும் பீமைத் தாங்க எப்படியும் ஒரு தூண் வேண்டும். அந்தத் தூணையும் ஒரு ரிட்டர்ன் இடைவெளியையும் அந்தத் துண்டுக்குள்ளேயே ஒளித்துவிடலாம். இரண்டு இடைவெளி இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சும், மற்றதை ஓடைச் சுவரில் தேட வேண்டும். “முழுக்க ஓபனாக வேண்டும்” என்று பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். நான் போன வீடுகளில் அந்தச் சண்டையில் தகரம் வென்றது குறைவு.

தரையில் கிறில் வைக்கலாமா என்றால், வைக்கலாம், ஆனால் கடைசித் தெரிவாக. கூட்டுகிற குப்பை முழுவதும் அதற்குள் போகும். தரை ரிட்டர்ன்களுக்குள் கையை விட்டு நான் எடுத்தவை: ஒரு தோடு, லெகோ துண்டுகள், காய்ந்த வடை ஒன்று, பெட்டி நிறைய ஒரு சத நாணயம். கனடா 2013-ல் சதத்தை வழங்குவதை நிறுத்தியது, டக்டுகள் இன்னும் நிறுத்தவில்லை.

புது இடம் தெரிவு செய்யும்போது அடுப்பிலிருந்து விலகுங்கள். அமெரிக்க வீட்டு விதிநூலில் சமையல் அடுப்பிலிருந்து 10 அடி என்று இருக்கிறது. நானும் அந்த 10 அடியைத்தான் பிடித்துக்கொள்வேன். எங்கள் வீடுகளில் பொரிக்கிற பொரியலுக்கு அது அதிகமே இல்லை. குளியலறை, கழிவறைக்குள் ரிட்டர்ன் வேண்டவே வேண்டாம். வெளிச்சுவரிலும் வேண்டாம், அங்கே குளிர் தடுக்கும் பஞ்சு இருக்க வேண்டும். சூடு வருகிற துளைக்குப் பக்கத்தில் வைத்தால் வந்த சூடு அறையைப் பார்க்காமலே திரும்பிப் போய்விடும்.

இன்னொன்று, இது பழைய தகரக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஏமாற்று. மேலே கிறில் 30 அங்குலம் அழகாக இருக்கும். அதைக் கழற்றி உள்ளே கைத்தொலைபேசியை நீட்டிக் கீழ்நோக்கிப் படம் எடுத்தால், தரைப் பலகையில் வெட்டிய துளை தேநீர்க் கோப்பை அளவில் இருக்கும். அவசரத்தில் வெட்டியது. புதுச் சுவரில் அந்தத் துளை 14½ க்கு 3½ முழுமையாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று ட்ரைவால் பலகை ஏற்றிச் சுவரை மூடும் முன் நீங்களே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றிய பிறகு யாருக்கும் தெரியாது.

இரண்டு எச்சரிக்கைகள். பங்களோவின் நடுச்சுவர் பெரும்பாலும் பாரம் தாங்குகிற சுவர். அதை எடுக்கப் பொறியியலாளர் வரைபடமும் நகரசபைப் பெர்மிட்டும் வேண்டும். இதில் பேரம் இல்லை. அடுத்தது, அந்தக் காலத்து டக்ட் மூட்டுகளில் வெள்ளைக் கடதாசி மாதிரி ஒரு டேப் ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். கனடா அஸ்பெஸ்டஸைத் தடைசெய்ததே 2018-ல்தான். தெரிந்த ஆளைக் கொண்டு ஒரு மாதிரித் துண்டு எடுப்பித்துப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகு உடையுங்கள். சுரண்டிப் பார்ப்போம் என்று யாரும் ஏணியில் ஏறக்கூடாது, உங்கள் கணவர் உட்பட.

வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் ஃபர்னஸில் காற்றழுத்தம் அளந்து தரச் சொல்லுங்கள். அநேகமான ஃபர்னஸ்களின் தகட்டில் உச்ச அளவு 0.5 அங்குல நீர் அழுத்தம் என்று எழுதியிருக்கும். இரண்டு அளவையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதைக் கேட்டவுடனேயே தம்பியின் குரல் மாறும், பாருங்கள்.

கேள்வி: பேஸ்மென்ட்டைத் தனி வீடாக்கி வாடகைக்கு விட்டிருக்கிறோம், அதில் தனிக் குசினியும் உண்டு. கீழே கருவாடு பொரித்தால் மேலே எங்கள் படுக்கையறை மணக்கிறது. கீழே இருக்கும் ரிட்டர்ன் கிறிலைத் தகரம் வைத்து அடைத்துவிட்டால் பிரச்சினை தீருமா?
— மார்க்கம் வாசகர்

பதில்: தீராது, தம்பி. மணம் பாதையைத்தான் மாற்றும். கீழே காற்றை விடுகிற துளைகள் திறந்திருக்க, இழுக்கிற துளையை மட்டும் அடைத்தால் பேஸ்மென்ட் பலூன் மாதிரி ஊதும். ஊதிய காற்று படிக்கட்டுக் கதவின் இடுக்கால், குழாய் போகும் ஓட்டைகளால் மேலே வரும். கருவாடு இனிப் படியேறி வரும், அவ்வளவுதான்.

சிலர் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். விடுகிற துளைகளை அடைத்து இழுக்கிறதைத் திறந்து வைப்பார்கள். அது மணத்தைவிட மோசம். பேஸ்மென்ட்டிலிருந்து காற்று உறிஞ்சப்படும்போது, பழைய மாதிரித் தண்ணீர்ச் சூடாக்கி புகைபோக்கியால் விட வேண்டிய புகையை வீட்டுக்குள் இழுத்துவிடும். அதில் கார்பன் மொனொக்சைட் இருக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இதே காரணத்துக்காகத்தான் ஃபர்னஸ் அறைக்குள் ரிட்டர்ன் திறக்கக்கூடாது என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். ஃபர்னஸுக்குப் பக்கத்தில் டக்டில் ஒரு கிறில் வெட்டிவிட்டால் பேஸ்மென்ட் காற்றும் இழுபடுமே என்று வெட்டி வைத்த வீடுகள் எத்தனை! 2008-ல் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில் புகைபோக்கி அடைபட்டு ஒரே குடும்பத்தில் நான்கு பேர் இந்த வாயுவால் இறந்தார்கள். அவர்கள் பெயரில் 2013-ல் சட்டமே வந்தது. படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் கருவி இல்லையென்றால் இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு குடியிருப்புகள் ஒரே ஃபர்னஸின் காற்றைப் பங்கிடுவது மணப் பிரச்சினை மட்டுமல்ல, தீப் பிரச்சினையும்கூட. கீழே தீப் பிடித்தால் அந்தப் புகையை விசிறி மேலே அனுப்பும். இப்படிப் பங்கிடும் வீடுகளில் டக்டுக்குள் புகை உணரி வைத்து, புகை பட்டதும் ஃபர்னஸ் தானாக நிற்கும்படி செய்ய வேண்டும். பெர்மிட் எடுத்துச் செய்திருந்தால் உங்களிடம் கேட்டிருப்பார்கள். எடுக்கவில்லை என்று உங்கள் கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மணம் முழுவதும் போக ஒரே வழி, கீழ் வீட்டை ஃபர்னஸிலிருந்து பிரித்துவிடுவது: அதற்குரிய டக்டுகளை விடுவதும் இழுப்பதும் சேர்த்து மூடிவிட்டு, கீழே மின்சார ஹீட்டரோ சுவரில் மாட்டும் ஹீட் பம்ப்போ வைப்பது. அப்படி மூடும்போது மேல் வீட்டுக்கு ரிட்டர்ன் போதுமா என்று மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

அதுவரைக்கும் கீழே அடுப்புக்கு மேல் புகையை வெளியே விடுகிற ஹூட் ஒன்று போடுங்கள். காற்றை வடிகட்டித் திரும்ப முகத்தில் ஊதுகிற வகை கருவாட்டுக்கு முன் நிற்காது. ஆனால் பெரிய ஹூட்டும் காற்றை உறிஞ்சும் சாமான்தான். தண்ணீர்ச் சூடாக்கி பழைய மாதிரி என்றால் ஹூட்டை ஓடவிட்டு அதன் புகைக்குழாய் வாயில் ஊதுபத்தி பிடித்துப் பாருங்கள். புகை அறைக்குள் திரும்பினால் ஹூட்டை நிறுத்திவிட்டு, உரிமம் உள்ள காஸ் தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள். குடியிருப்பவரோடு கருவாட்டுக்காகச் சண்டை பிடிக்காதீர்கள். அவர் மீது ஒரு பிழையும் இல்லை.

கேள்வி: வீட்டைத் திருத்தியபோது ஒரு பெரிய அறையை இரண்டாகப் பிரித்தோம். புது அறையில் கதவைச் சாத்தினால் குளிர், திறந்தால் சரியாகிவிடுகிறது. ஏன்?
— பிரம்ப்டன் வாசகி

பதில்: ரிட்டர்ன் பழைய பாதி அறையில் தங்கிவிட்டது. புது அறைக்குள் வருகிற காற்றுக்கு வெளியே போக வழியில்லை, ஆகவே புதுக்காற்று உள்ளே வர மறுக்கிறது. கதவின் அடியில் ஒரு அங்குலம் சீவிப் பாருங்கள். 30 அங்குலக் கதவுக்கு அது 30 சதுர அங்குலம், 6 அங்குலக் குழாயைவிடக் கொஞ்சம் கூட. கார்ப்பெட்டின் மேலிருந்து அளக்க வேண்டும், பலகையிலிருந்து அல்ல. அது போதாவிட்டால் சுவரில், அறைப்பக்கம் மேலேயும் ஓடைப்பக்கம் கீழேயுமாக ஒரே ஸ்டட் இடைவெளியில் இரண்டு கிறில் வைக்கலாம். நேருக்கு நேர் வைத்தால் நீங்கள் கதைப்பதெல்லாம் ஓடையில் கேட்கும். மேலும் கீழுமாக வைத்தாலும் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும். புது அறை மாமிக்கு என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

கேள்வி: சாமி அறை அலுமாரியை ரிட்டர்ன் கிறிலுக்கு முன்னால்தான் வைக்க முடிகிறது. திசை வேறு எதுவும் சரிவரவில்லை.
— ஏஜக்ஸ் வாசகி

பதில்: நாலு கால் உள்ள அலுமாரியாக வாங்கி, சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். விளக்கை மட்டும் கிறிலுக்கு நேரே ஏற்றாதீர்கள். சுடரும் ஆடும், கற்பூரக் கரி முழுவதும் ஃபில்டரில் போய்ச் சேரும்.

கேள்வி: ஓடையில் உயரமான இடத்தில் புதிதாக ஒரு ரிட்டர்ன் போட்டோம், கோடையில் மேல் மாடி வெக்கை குறையும் என்றார்கள். குறைந்தது. ஆனால் ஃபில்டர் இரண்டு வாரத்தில் பஞ்சு பஞ்சாக நிரம்புகிறது. வேலை செய்தவர் “புது வீட்டுத் தூசி” என்கிறார்.
— பிக்கரிங் வாசகர்

பதில்: புது வீட்டுத் தூசி வெள்ளையாக, ட்ரைவால் மாவாக இருக்கும். பஞ்சு என்றால் அது கூரைக்கு அடியில் உள்ள அற்றிக்கிலிருந்து வருகிறது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதே பிழையை நானே விட்டிருக்கிறேன்.

வேலைக்கு வந்து நாலைந்து வருடம் இருக்கும். அத்தான் வீட்டு மேல் மாடியில் இதே மாதிரி உயரத்தில் ஒரு ரிட்டர்ன் வெட்டினேன். சுவரின் உச்சியில் எப்போதும் மேல்பலகை இருக்கும், அதற்கு மேல் காற்றுப் போகாது என்று நம்பிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சுவரை ஒட்டிக் குளியலறைக்கு மேலே சீலிங்கைத் தாழ்த்திக் கட்டியிருந்தார்கள். அதன் பெட்டி அற்றிக்குப் பக்கம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. என் ஸ்டட் இடைவெளி அந்தப் பெட்டியோடு தொடுத்திருந்தது. ஃபர்னஸ் அந்த மாரி முழுவதும் அற்றிக்கின் குளிர்காற்றையும் பஞ்சையும் இழுத்து இழுத்து வீட்டுக்குள் கொட்டியது. காஸ் பில் வந்தபோது அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா சொன்னார், நிறையச் சொன்னார்.

ஸ்டட் இடைவெளியை ரிட்டர்னாகப் பாவித்தால், பாவிக்காத பகுதியிலிருந்து அதைத் தகரத்தாலோ மரக்கட்டையாலோ இறுக்கமாகத் தடுக்க வேண்டும். இங்குள்ள கட்டட விதிநூலிலேயே இருக்கிறது. உங்கள் கிறிலைக் கழற்றி, விசிறியை ஓடவிட்டு, உள்ளே மேல்பக்கம் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை மேலிருந்து கீழே தள்ளப்பட்டால் அங்கேதான் ஓட்டை. கிறிலுக்கு இரண்டு அங்குலம் மேலே ஒரு தகரத் துண்டை மடித்துச் செருகி, விளிம்பு முழுவதும் மாஸ்டிக் என்ற பசையைப் பூச வேண்டும். சாம்பல் நிறத் துணி டேப்பைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். பெயர்தான் டக்ட் டேப். கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வகம் 1998-ல் பலவகை டேப்புகளைச் சூட்டிலும் குளிரிலும் வைத்துச் சோதித்தபோது டக்ட் மூட்டில் நிலைக்காமல் கழன்றது அந்தத் துணி டேப்தான். அத்தான் வீட்டில் நான் முதலில் ஒட்டியதும் அதையேதான். அடுத்த மாரிக்குத் திரும்பப் போய், கிறிலைக் கழற்றி, தகரம் வைத்து மாஸ்டிக் பூசிவிட்டு வந்தேன். அந்த முறை அக்கா தேத்தண்ணி தந்தார்.